கிளியின் பச்சை

திருப்போரூர் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது தேசப்பனின் மகள் செல்வி போனில் அழைத்தாள். "நைனா காலைல போய்ட்டாரு, சித்தப்பா. நாஸ்தா துன்னுகினு இருந்தாரு, அப்பிடியே சாஞ்சிட்டாரு" என்றாள். செங்கல்பட்டுக்குப் போகவிருந்தவன் சாலையைக் கடந்து மாமல்லபுரம் பேருந்தில் ஏறினேன். வழியெல்லாம் அவர்மேல் கோபமாக இருந்தது. எதையும் சொல்லிவிட்டுச் செய்கிற மனிதர், இதை மட்டும் சொல்லாமல் செய்துவிட்டார்.

அவரை நினைக்க இங்கே கூடியிருக்கும், அவரோடு சாரம் ஏறிய உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? தேசப்பன் கடலோரக் குப்பத்திலிருந்து சாரம் கட்ட வந்தவர். நான் வேதியியல் படித்துவிட்டு வந்தவன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பழைய மண்டபங்களில் சுண்ணாம்புச் சுவர் ஓவியங்களின் மேல் படிந்த விளக்குக் கரியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுப்பது எங்கள் வேலை. ஒரு நாளில் இரண்டு உள்ளங்கை அகலம் சுத்தமானால் அது பெரிய நாள். "இன்னுமா முடியல?" என்று கேட்பவர்களிடம், "அத்தினி வருசமா ஏத்துன கரி, ஒரு வாரத்துல எறங்குமா?" என்பார்.

குச்சியில் பஞ்சைச் சுற்றி, லேசாக நனைத்து, சுவரில் உருட்ட வேண்டும். தேய்க்கக் கூடாது. ஒவ்வோர் உருட்டலுக்கும் பஞ்சைத் திருப்பிப் பார்ப்பார். "சுவத்த அப்பறம் பாரு அண்ணாத்த, மொதல்ல பஞ்சப் பாரு" என்பது அவர் வாக்கு. பஞ்சில் கறுப்பு வந்தால் வேலை நடக்கிறது. நிறம் வந்தால் கையை எடுத்துவிட வேண்டும்.

செய்யூர்ப் பக்கத்து மண்டபம் ஒன்றில் நான் பஞ்சைப் பார்க்கவில்லை. சுவரில் பன்னிரண்டு கிளிகள். சிவப்பையும் மஞ்சளையும் ஓரத்தில் சோதித்திருந்தேன், தண்ணீருக்கு அசையவில்லை. பச்சையும் அப்படித்தான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். தேசப்பன் சாப்பிட இறங்கியிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் ஒரு கிளியையாவது முடித்துக் காட்டலாம் என்று உருட்டினேன். பச்சை மட்டும் தண்ணீரில் கரையும் பசையில் குழைத்துப் பூசியது. பஞ்சோடு வந்துவிட்டது. ஒரு சிறகு வெறும் சுண்ணாம்பாக நின்றது.

தேசப்பன் ஏறி வந்து பார்த்தார். திருப்பணிக் குழு முதலிலிருந்தே சுவரைச் சுரண்டிவிட்டுப் புது பெயின்ட் அடிக்கத்தான் துடித்துக்கொண்டிருந்தது. இது தெரிந்தால் மண்டபம் முழுவதும் போகும். "கொஞ்சம் பச்சை கலந்து நானே பூசிவிடுகிறேன், யாருக்கும் தெரியாது" என்றேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. "பூசிட்டா நாளைக்கி வர்றவனுக்கு இன்னா தெரியும்? அவனும் தண்ணி வெச்சி ஒத்துவான். வா, போய்ச் சொல்லிட்லாம்."

போய்ச் சொன்னேன். குழுத் தலைவர் வந்து பார்த்தார். "இத்துக்குத்தான் அப்பவே சொன்னோம், பெயின்ட் அடிச்சிட்லாம்னு" என்றார். தேசப்பன்தான் பேசினார்: "மீதி பதினோரு கிளி கீது, ஐயா. ஈரம் காட்டாம கரிய எறக்கித் தர்றோம். அதுல ஒண்ணு போச்சின்னாலும் பெயின்ட் டப்பாவ நானே தூக்கியாறேன்."

தலைவர் சரியென்று தலையாட்டினார். உலர்ந்த ரப்பர் பஞ்சாலும் மெல்லிய தூரிகையாலும் பல வாரங்கள் உட்கார்ந்து செய்தோம். பதினோரு கிளிகளும் இன்றும் பச்சையாக இருக்கின்றன. பன்னிரண்டாவதை அப்படியே விட்டு, காரணத்தை அறிக்கையில் என் பெயரோடு எழுதினேன். எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் செல்வி ஒரு சிறிய தகர டப்பாவைக் கொடுத்தாள். "உங்களாண்ட குடுக்கணும்னு சொல்லிகினே இருப்பாரு" என்றாள். உள்ளே அந்தப் பஞ்சுக் குச்சி இருந்தது. நான் குப்பையில் எறிந்ததை எப்போது பொறுக்கினாரோ. பச்சை இன்னும் மங்கவில்லை. கூடவே ஒரு சீட்டில் அவருடைய கோணல் எழுத்து: "செய்யூர் கிளி. தண்ணி ஆகாது. நாங்க ரெண்டு பேரும் எடுத்தது."

பச்சை பெயர்ந்த அந்த நேரத்தில் அவர் சாரத்திலேயே இல்லை. எனக்குத் தெரிந்து தேசப்பன் எழுதிய ஒரே பொய் இதுதான். அறிக்கையில் உண்மை இருக்கிறது, அது போதும். சீட்டைத் திருத்தாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.