பாஸ் என்றால் மெதுவாக

இதைத் தெரிந்துகொண்டு உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பீர்கள், முதலில் போய் அதைப் பாருங்கள். அடுத்த வீட்டுப் பெட்டியில் சத்தம் ஏன் வரவில்லை என்று விசாரிக்க இப்படி ஒரு ஆசையா? உங்கள் வீட்டில் கெட்டுப்போவதற்கு ஒன்றுமே இல்லையா? சரி, சொன்னாலும் போகமாட்டீர்கள். உட்காருங்கள்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் கேட்காதீர்கள். நான் வாயால் சொல்லச் சொல்ல என் மருமகள் கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். கல்யாணப் பத்திரிகை அடித்துப் பழகிய கை. நான் 'வந்துச்சு' என்றால் அவள் 'வந்தது' என்று அடிக்கிறாள். பேசியதையாவது பேசியபடியே போடடி என்று சொல்லியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது. மில்லில் தறி ஓடுகிற கூடத்திலேயே வேலை பார்த்து, காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். முதலில் எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு அவரை என்ன வேண்டுமானாலும் திட்டலாம். அவரும் தலையாட்டுவார். ஆனால் பதிலே வராத மனுஷனிடம் எத்தனை நாள் சண்டை போடுவது? ருசியே இல்லை. போகப்போக அவரும் பேச்சைக் குறைத்தார். நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். மகன் காதுக்கு ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்தான். அது விசில் அடித்தது. கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். சட்டைப் பை விசில் அடித்தது. அதோடு அந்தக் கதை முடிந்தது.

அப்புறம் தவளக்குப்பத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மேளக்காரர்கள் பக்கத்திலேயே இவருக்கு இடம் கிடைத்தது. மணவறையைப் பார்த்தபடி கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தார். கெட்டிமேளம் கொட்டியதும் சட்டென்று திரும்பினார்.

"தவுலா அடிக்கிறான்?" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

வேறு நேரமாக இருந்தால் வாயைப் பொத்தியிருப்பேன். அன்றைக்குப் பொத்தவில்லை. அவர் ஒரு சத்தத்தைக் கேட்டு நான் பார்த்தே வருஷக்கணக்கு ஆகியிருந்தது.

மகனிடம் சொன்னேன். அவனுக்குச் சென்னையில் வேலை. "கீச்சுச் சத்தந்தாம்மா அவருக்கு வுழல. கனத்த சத்தம் இன்னும் கேக்குது போல. இரு, ஒண்ணு அனுப்புறேன்" என்றான். அடுத்த வாரமே கம்ப்யூட்டருக்கு மாட்டுகிற ஸ்பீக்கர் வந்தது. டிபன் டப்பா அளவில் இரண்டு, தலையணை அளவில் மரப்பெட்டி ஒன்று. தும்தும் என்று அடிக்கிறது அந்த மரப்பெட்டிதானாம். கல்யாண வீட்டுக்காரர்கள் கொடுத்த சிடி கையில் இருந்தது. முகூர்த்தம் முழுக்க அதில் இருக்கிறது.

இவருக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டுமே. எதிரே நின்று வயிற்றின் மேல் தவில் அடித்துக் காட்டினேன். கன்னத்தை உப்பி நாதஸ்வரம் ஊதினேன். எனக்கு வயிற்று வலி என்று நினைத்து சோடா வாங்கக் கிளம்பிவிட்டார். பிறகு மருமகள் எழுதிக் காட்டினாள், 'கல்யாண மேளம், வீட்டிலேயே கேக்கலாம்' என்று. படித்தார். என்னைப் பார்த்தார். உள்ளே போய் முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த மாதிரி.

மெஷின் விசில் அடித்தபோது அவர் முகம் போன போக்கு எனக்குத் தெரியும். இதுவும் ஏமாற்றினால் இன்னொரு தடவை என்னை நம்பி உட்காரமாட்டார்.

பெட்டிக்குப் பின்னால் இரண்டு திருகு. ஒன்று வால்யூம், அது குழந்தைக்குக்கூடத் தெரியும். இன்னொன்றில் நான்கே எழுத்து. மருமகள் குனிந்து பார்த்தாள். "பி, ஏ, எஸ், எஸ். எனக்கும் தெரியலத்தே. பாஸு வாங்குறதா?"

எங்கள் உப்பளம் பேட்டைத் தெருவில் இந்த மாதிரி எழுத்து எதுவாக இருந்தாலும் அடுத்த வீட்டு சொல்தாவிடம்தான் போகும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர், சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். மருந்து பாட்டில், கொசுவத்திப் பெட்டி, வெளிநாட்டு சாக்லேட், எல்லாவற்றையும் அவர்தான் படித்துச் சொல்வார். கூப்பிட்டேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"பாஸ்" என்றார். "இது பிரெஞ்சு, தங்கச்சி."

"அப்டின்னா என்னாண்ணே?"

"கொறைவு. பட்டாளத்துல எங்க அதிகாரி இதே சொல்ல வெச்சுத்தான் 'பார்லே பா'ம்பாரு. மெதுவாப் பேசுன்னு அர்த்தம். இது சத்தத்த மெதுவாக்குற திருகு."

"ஐயய்யோ! இவுரு காதுக்கு மெதுவா வேற வெக்கணுமா?"

"அதான் சொல்றேன். முழுசா எறக்கி வெச்சிடு. யாரு கையும் படாமப் பாத்துக்க."

யார் கையும் படக்கூடாது என்றால் நான் விடுவேனா? திருகை முழுக்க இறக்கி, அதன் மேல் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். புண்ணுக்கு ஒட்டுவார்களே, அதே பிளாஸ்திரி. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மருமகள் சிடியைப் போட்டாள். நாதஸ்வரம் கொசு மாதிரி வந்தது. தவில், யாரோ டின் மூடியில் கரண்டியால் தட்டுகிற மாதிரி வந்தது. வால்யூமைக் கடைசி வரைக்கும் ஏற்றினோம். கொசு பெரிய கொசுவானது. அவர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

மகனுக்குப் போன் போட்டேன்.

"பேஸ் ஏத்தும்மா" என்றான்.

"பேஸு எங்கடா இருக்குது?"

"பின்னால திருகு இருக்கும் பாரு."

"இருக்கிறது ரெண்டு. ஒண்ணு வால்யூமு, அத ஏத்தியாச்சு. இன்னொண்ணு சத்தத்தக் கொறைக்கிறது, அத நான் ஒட்டி வெச்சிட்டேன். பேஸுன்னு ஒண்ணும் இல்ல. நீ ஏமாந்து வாங்கிட்ட."

"கொறைக்கிறதா? எந்தத் திருகும்மா அது?" என்று ஏதோ கேட்க வந்தான். எனக்குத் தெரிந்ததை அவன் எனக்குச் சொல்லப் போகிறான் என்று போனை வைத்துவிட்டேன்.

பிறகு வைத்தியம் ஆரம்பமானது. வயரைப் பிடுங்கி இடது வலது மாற்றிச் சொருகினோம். இடது பக்கக் கொசு வலது பக்கம் போனது. மரப்பெட்டியின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு ஓட்டை இருந்தது. "பாரு, எலி கடிச்ச பொட்டியக் கட்டி அனுப்பிட்டானுங்க" என்றேன். உள்ளே ஏதாவது அடைத்திருக்கிறதா என்று விரலை விட்டேன். விரல் போனது, வரவில்லை. தேங்காய் எண்ணெய் போட்டு எடுத்தார்கள். சத்தத்துக்கு உயரம் வேண்டும் என்றார் சொல்தா. பெட்டியைத் தூக்கிக் காலி அரிசி டின் மேல் வைத்தோம். தடதடவென்று ஒரு சத்தம்! "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று நான் குதித்தேன். அவர் எழுந்து வந்து கையை வைத்துப் பார்த்தார். டின்னைத் தட்டினார். உதட்டைப் பிதுக்கினார். அதிர்ந்தது டின் மூடி.

திரும்பவும் பெட்டியைத் தரையில் வைத்தோம்.

மருமகள் மெதுவாகத்தான் கேட்டாள். "அத்தே, அந்த பிளாஸ்திரியப் பிரிச்சுப் பாக்கலாமா?"

"எதுக்கு? இருக்கிற சத்தமும் போறதுக்கா?"

"ஒரு தடவ, சும்மா..."

"அண்ணன் பிரெஞ்சுக்காரங்க கூடவே இருந்தவரு. நீ பத்திரிகை அடிக்கிறவ. யாரு சொல்றதக் கேக்கறது?"

சொல்தாவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "பாஸுக்கு வேற அர்த்தம் இருந்தா எங்கிட்ட காட்டு, நான் மீசய எடுத்துடுறேன்" என்றார். அவருக்கு மீசையே கிடையாது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். யார் பேச்சும் யாருக்கும் கேட்கவில்லை. அந்த நிமிஷம் எங்கள் வீட்டில் நான்கு செவிடு.

அப்போது பார்த்தேன். அவர் எழுந்து நாற்காலியைத் தூக்கிச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். பார்த்தும் என் வாய் நிற்கவில்லை, சொல்தாவோடு பேசிக்கொண்டேதான் இருந்தது.

நாற்காலியைப் போடக் குனிந்தவர் கண்ணில் பெட்டியின் பின்பக்கம் பட்டது. மரப்பெட்டிக்கு எதற்கு பிளாஸ்திரி என்று அவருக்குத் தோன்றியிருக்கும். மில்லில் மெஷின் பக்கத்திலேயே வாழ்ந்த மனுஷன். உட்கார்ந்து நகத்தால் நெருடி உரித்தார். இடது கையைப் பெட்டியின் தலையில் வைத்தார், ஜுரம் பார்க்கிற மாதிரி. வலது கையால் திருகினார். பாஸ் என்றால் மெதுவாக என்று நாங்கள் தெருவுக்கே கேட்கப் பாடம் நடத்தியதில் ஒரு சொல்கூட அவர் காதில் விழவில்லை. விழாததால் பிழைத்தோம்.

முதலில் என் உள்ளங்காலில்தான் தெரிந்தது. பிறகு அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. டின் மூடி போய்த் தவில் வந்தது. அவர் முகத்தை நான் சொல்லப் போவதில்லை. அதைப் பார்த்தவள் நான் ஒருத்தி, என்னோடு இருக்கட்டும்.

சிடியில் யாரோ விரலை ஆட்டியிருப்பார்கள் போல. கெட்டிமேளம் கொட்டியது. அவர் பெட்டியிலிருந்து கையை எடுத்தார். அட்சதை இல்லாத கையைத் தூக்கி, எதிரே வந்து குந்தியிருந்த என் தலை மேல் வீசினார்.

"தாலி ஏறிடுச்சு!" என்று உப்பளத்துக்கே சொன்னார்.

மருமகள் அந்தப் பக்கம் திரும்பி முந்தானையை எடுத்தாள். நான் இல்லாத அரிசியைத் தலையிலிருந்து தட்டிவிட்டேன். வேறு என்ன செய்வது?

"இன்னொரு தரம் போடச் சொல்லு" என்றார் என்னைப் பார்த்து. அவராக என்னிடம் பேசி எவ்வளவு நாளாயிற்று தெரியுமா? அதனால் உடனே சண்டை போட்டேன். "சோடா வாங்கப் போன ஆளுதான நீ?" என்றேன். கேட்கவில்லை. தலையாட்டினார்.

சொல்தா தொண்டையைச் செருமினார். "பாஸ்னா கட்டக் கொரலுன்னும் ஒரு அர்த்தம் இருக்குது, தங்கச்சி. கோயில் பாட்டுல அடிக்கொரலு பாடுறவன் இருக்கான்ல, அவனையும் பாஸுன்னுதான் சொல்லுவாங்க."

"அத மொதல்லயே சொன்னா என்னாவாம்?"

"நீ கேக்கலியே."

அன்று சாயங்காலம் தெருவே வாசலுக்கு வந்தது. யாருக்குக் கல்யாணம், சொல்லவே இல்லையே என்று. "கல்யாணமும் இல்ல, கருமாதியும் இல்ல. பொட்டி பழுதா வந்துச்சு, நாந்தான் சரி பண்ணேன்" என்றேன். மருமகள் உள்ளே இருமினாள். எப்படிச் சரி செய்தாய் என்று கேட்டார்கள். "அதுல எழுதியிருந்தது பிரெஞ்சு. தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்" என்றேன். சொல்தா தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை.

அதோடு விட்டார்களா? எதிர்ச்சாரி வீட்டுக்காரி மறுநாளே வந்து நின்றாள். அவள் மகனுடைய பெட்டியிலும் தும்தும் வரவில்லையாம். மாட்டேன் என்றால் மானம் போகும். போனேன். அவர் செய்த மாதிரியே பெட்டி தலையில் கையை வைத்தேன், கண்ணை மூடினேன், இருந்த திருகையெல்லாம் திருகினேன். பெட்டி அசையவில்லை. வீடு முழுக்க ஜனம் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டேன். "இது இங்கிலீஷ் பொட்டிடி. எனக்கு பிரெஞ்சு பொட்டிதான் பழக்கம்" என்றேன்.