ரத்தத்தில் முடி என்றார்கள், அம்மன் கண்ணுக்குக் காட்டினாள்

அம்மனை நம்புகிற உங்களிடம் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் மூட்டை தூக்கி, பாளையம்பட்டியில் சொந்தமாக வத்தல் கடை போட்டவன். எவன் தயவும் எனக்குத் தேவைப்பட்டதில்லை. அப்படிப்பட்டவனைத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு காய்ச்சல் கீழே தள்ளியது.

மாசியில் வந்த காய்ச்சல் சித்திரையிலும் போகவில்லை. இடது விலாவுக்குக் கீழே கல்லு மாதிரி வீக்கம். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. டாக்டர் மாற்றி டாக்டர், டானிக் மாற்றி டானிக். எரிச்சல்தான் மிச்சம். கடைசியில் மதுரையில் இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜையை உறிஞ்சினார்கள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் குத்தி, எலும்புத் துணுக்கையே எடுத்துப் பார்த்தார்கள்.

"ரத்தப் புற்றுநோய்ல இது அபூர்வமான வகை. செல்லைச் சுத்தி முடி மாதிரி இருக்கு" என்றார் டாக்டர். என் காதில் 'முடி' மட்டும்தான் விழுந்தது.

ரத்தத்தில் முடி எப்படி வரும்? யாரோ சோற்றில் முடியைக் கலந்து எனக்கு மருந்து வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். கடைக்கு மதியச் சோறு கொடுத்துவிடுவது என் தம்பி சம்சாரம் பேச்சி. திருச்சுழிப் பக்கம் வைத்த மருந்தை எடுக்கிற ஒருவரிடம் போனேன். பச்சிலைச் சாறு குடித்து வாந்தி எடுத்தேன். ஒரு முடிச்சுருள் விழுந்தது. அதைக் காகிதத்தில் மடித்து வந்து தெருவில் நின்று கத்தினேன்.

"ஏத்தா, ஒன் தலமுடி தான இது?"

பேச்சி அழவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

முடி வெளியே வந்தும் காய்ச்சல் ஏறியது. அம்மன் சந்நிதியில் நின்று சண்டை போட்டேன். "ஒன் வாசல்ல கல்லு பாவிக் குடுத்தவன் நான். என் ரத்தத்துல என்ன கெடக்குன்னு எங் கண்ணுக்குக் காட்டு. வேற எதுவும் கேக்கல."

மறுநாள் காலையில் பேச்சி வந்து நின்றாள். "மச்சான், அந்தப் பொட்டலத்த எடுங்க. மதுரைக்குப் போவோம். ஏம் முடிதான் காரணம்னு டாக்டர் சொல்லட்டும், இந்தத் தெருவ விட்டே போயிர்றேன்."

டாக்டர் பொட்டலத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என்னை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார். குனிந்து பார்த்தேன். கருவேலம்பூ! பூவைச் சுற்றி நூல் நூலாக நிற்குமே, அப்படி.

"இதத்தான்யா முடின்னேன். கிருமியை எதிர்க்க வேண்டிய பி-செல்லுங்கிற வெள்ளணு, கெட்டுப்போயிப் பெருகியிருக்கு. மண்ணீரல்ல போயி அடைஞ்சிருக்கு, அதான் வீக்கம். சோத்துல வச்சு இது வராது."

"அப்ப என் வாயில இருந்து முடி எப்படி வந்தது?"

"எடுத்தவர் கையில இருந்து வந்திருக்கும்."

"கேட்டுக்கிட்டீகளா?" என்றாள் பேச்சி.

மண்ணீரலை எடுத்தார்கள். பிறகு ஊசி. மாசக்கணக்கில் போராடித்தான் ரத்தம் ஊறியது. திரும்பவும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் போய்க் காட்டுகிறேன்.

உடம்பு தேறி வீடு திரும்பிய அன்று பஸ்ஸிலேயே, கூட வந்த பேச்சியிடம், "தப்புத்தான், தாயி" என்றேன். யாரிடமும் நான் சொல்லாத வார்த்தை அது.

"பஸ்ஸுல சொன்னா யாருக்குக் கேக்கும் மச்சான்? தெருவுல வந்து சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

உங்களுக்கு நோய் வந்தால் அம்மனிடம் போங்கள். யார் வைத்தது என்று கேட்காதீர்கள். என்ன நோய் என்று கேளுங்கள். காட்டுவாள்.