ஞானேஸ்வரியின் கையெழுத்தும் ஞானேஸ்வரியின் நாவலும்

எங்கள் இலக்கிய வட்டம் ஞானேஸ்வரிக்கு ஓர் அநியாயம் செய்திருக்கிறது. அவருடைய கையெழுத்துப் பக்கம் ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, அவருடைய நாவலை அழித்துப் பாவிக்கும்படி கணினி வகுப்புக்குக் கொடுத்துவிட்டது. அவர் இறந்து இரண்டு கிழமை கூட ஆகவில்லை. இதைச் சொல்லாமல் அஞ்சலி எழுத எனக்குத் தெரியாது.

செய்தி வந்தபோது கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்யும் இரும்புக்கடையைத் திறந்துகொண்டிருந்தேன். பக்கத்துத் தொலைபேசிக்கடைக்காரர் வந்து, "வெள்ளவத்தையில இருந்து கோல் வந்திச்சு. உங்க எழுத்தாளர் அம்மா தவறிட்டாங்களாம்" என்றார். வேலைக்குப் போகச் சேலை கட்டி முடித்தவர், கட்டிலில் உட்கார்ந்து அப்படியே சரிந்துவிட்டாராம். ஒரே தங்கை கனடாவில். இங்கே வேறு ஆளில்லை.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஞானேஸ்வரி யாழ்ப்பாணத்தவர். ஒரு காப்புறுதிக் கம்பனியில் எழுதுவினைஞர். வெள்ளவத்தையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். நான் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவன். ஆணி சுற்றிக் கொடுக்கும் பழைய பத்திரிகைகளில் படித்துத்தான் நான் எழுதக் கற்றேன். வட்டத்தின் மாதக் கூட்டத்தில் எனக்குப் பின்வரிசை. முதல் நாளே அவர் முன்வரிசையை விட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இங்கயிருந்தால்தான் அண்ணை ஆர் நித்திரை கொள்ளினம் எண்டு தெரியும்" என்றார்.

அவருடைய கையெழுத்து அச்சைவிட அழகு. அதுவே அவருக்கு வினையாயிற்று. எங்கள் வட்டத்தில் கதை வாசித்ததும் தாளைக் கைமாற்றிப் பார்ப்பது வழக்கம். அவருடைய தாள் சுற்றி வரும்போது எல்லோரும், "ஆ, என்ன எழுத்து!" என்பார்கள். கதையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். "சேலைக்கரை நல்லாயிருக்கெண்டு சொல்லிப்போட்டுப் போற மாதிரிப் போறாங்கள்" என்று பஸ் தரிப்பில் நின்று பொரிந்து தள்ளினார்.

பிறகு ஒரு பொலிஸ் சுற்றிவளைப்பில் அவருடைய அறையைச் சோதித்தார்கள். தமிழில் கையால் எழுதிய தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. அவரையும் தாள்களையும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு சார்ஜன் அதைச் சிங்களத்தில் சொல்லச் சொன்னார். அது அவருடைய நாவலின் முதற்பகுதி. லொட்ஜில் தங்கி வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் கதை. வரிவரியாகச் சொல்லிக்கொண்டு போனார். தாள் முடிந்தது. சார்ஜன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, "ஈட்ட பஸ்ஸே?" என்றாராம். பிறகு என்ன நடந்தது என்று கேட்கிறார்.

"இனித்தான் எழுதவேணும் எண்டன் அண்ணை. எழுதினாப் பிறகு வந்து சொல்லு எண்டார். என்ர கதையில அடுத்தது என்னெண்டு கேட்ட முதல் ஆள் அந்த மனுசன்தான்."

கம்பனிக் கடிதம் வந்ததும் அவரை விட்டார்கள். தாள்கள் திரும்பவில்லை.

அதோடு அவர் கையால் எழுதுவதை நிறுத்தினார். வேலை முடிந்து கொட்டாஞ்சேனைக்கு வந்து, ரவி என்பவரின் அச்செழுத்துக் கடையில் பழைய கணினியொன்றில் இரண்டு விரலால் தட்டப் பழகினார். இழந்த பகுதியை நினைவிலிருந்து மீண்டும் எழுதினார். எழுதியதைச் சதுரமான பிளொப்பித் தட்டுகளில் ஏற்றிக் கைப்பையில் கொண்டுபோவார். சோதனைச்சாவடியில் கேட்டால், "ஒபிஸ் வேலை" என்பார். விட்டுவிடுவார்கள்.

பயத்தினால் மட்டும் மாறினார் என்று நினைக்கவேண்டாம். அவருக்கு அது பிடித்திருந்தது. நான் இன்றும் பேனாக்காரன். "அண்ணை, நீங்கள் வெட்டினால் வெட்டினது தெரியும். நான் வெட்டினால் எனக்கே தெரியாது. அதுதான் சுகம்" என்று சீண்டுவார். கணினியில் அடித்த தாளை வட்டத்தில் வாசித்தபோது தலைவர், "இயந்திரத்தில எழுதினா உயிர் இருக்குமோ, பிள்ளை?" என்று கேட்டார். இவர் நிதானமாக, "ஐயா பஸ்ஸிலதானே வந்தனீங்கள்? உயிரோடதானே இருக்கிறியள்?" என்றார். பஸ்ஸில் குண்டு வெடிக்கும் காலம். தலைவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

இறப்பதற்கு முந்திய கிழமை, "முடிச்சிட்டன் அண்ணை. ஒருக்காப் பாத்திட்டு அடிச்சுத் தாறன். முதல்ல நீங்கள்தான் வாசிக்கவேணும்" என்றார்.

அறையை ஒழிக்க வட்டத்தினர் போனார்கள். பேனா, மூக்குக்கண்ணாடி, கையெழுத்துப் பக்கம் ஒன்று ஆகியவற்றைப் பத்திரமாக எடுத்தார்கள். பிஸ்கட் தகரத்தில் இருந்த தட்டுகளை, வட்டத்தின் மண்டபத்தில் நடக்கும் கணினி வகுப்புக்குக் கொடுத்தார்கள். பிள்ளைகள் அழித்துவிட்டுப் பாவிக்கலாமாம். அஞ்சலிக் கூட்டத்தில் தலைவர், "இயந்திரத்துக்கு வசப்படாத கை" என்று பேசினார். சட்டம் போட்ட பக்கத்தைக் கிட்டப் போய் வாசித்தேன். அது ஒரு மாதக் கூட்டத்தின் அறிக்கை. மண்டபத்து மின்விசிறி பழுது, திருத்தவேண்டும் என்று எழுதியிருக்கிறது. விசிறி இன்னும் ஓடவில்லை.

செயலாளரிடம் தகரத்தைக் கேட்டேன்.

"அலுமாரியில பூட்டிக் கிடக்கு அண்ணை. இப்ப துக்க காலம். முப்பத்தொராம் நாள் கிரியை முடியட்டும், கமிட்டியில கதைப்பம்."

"திங்கட்கிழமை வகுப்பு தொடங்குதே?"

"அது வேற விசயம்."

"அப்போ துக்கம் கமிட்டிக்கு மட்டுந்தானா?" என்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே பகிரங்கமாக எழுதுகிறேன். செயலாளர் திங்கட்கிழமைக்கு முன் அலுமாரியைத் திறந்து தகரத்தை வெளியே எடுக்கவேண்டும். வகுப்பு நடத்தும் ஆசிரியர் அதில் ஒரு தட்டையும் அழிக்கக்கூடாது. கனடாவிலுள்ள தங்கை, நாவல் தன் அக்காவினுடையது, அச்சிட வேண்டும் என்று இரண்டு வரி எழுதி அனுப்பவேண்டும். ரவி அந்தப் பழைய கணினியை இப்போது விற்கக்கூடாது. ஞானேஸ்வரி பாவித்த தமிழ் எழுத்துரு அதில்தான் இருக்கிறது, வேறு கணினியில் திறந்தால் வெறும் குப்பையாகத் தெரியுமாம். தலைவர் அந்தச் சட்டத்தைக் கழற்றிவிட்டு விசிறியைத் திருத்தவேண்டும். நாவல் அச்சானதும் சிங்களம் தெரிந்த யாராவது ஒருவர் அந்தச் சார்ஜனைத் தேடிப்பிடித்து மிச்சக் கதையைச் சொல்லவேண்டும்.

என் பங்கு ஒன்று இருக்கிறது. தங்கச்சி, போய் வாருங்கள். திங்கட்கிழமை நான் கடை திறக்கமாட்டேன். மண்டபத்துக்குப் போய் அந்த அலுமாரிக் கதவில் சாய்ந்து நிற்பேன்.