ஒரே கையெழுத்தில் அறுபது பேர்

போன வாரம் ஈப்போவில் மூக்குக் கண்ணாடிக் கடையில் பணம் கட்டிவிட்டுத் திரும்பினால், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம்வரை ஐந்து பொத்தான்கள். எங்கள் சேவையில் உங்களுக்குத் திருப்தியா என்று கேட்டது. கடைப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கிற முகத்தை அழுத்திவிட்டு வெளியே வந்தேன். அவள் பார்க்காமல் இருந்திருந்தால் எதை அழுத்தியிருப்பேன் என்று யோசித்தபோது, சம்பந்தமே இல்லாமல் மீன்கறி வாசனை மூக்கில் ஏறியது. சம்பந்தம் இருக்கிறது, சொல்கிறேன்.

நான் எம்.பி.ஏ. படித்தவன். இதை நானாகச் சொன்னால்தான் உண்டு, ஆளைப் பார்த்தால் தெரியாது. கம்போங் ராஜா என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்த காலம் அது. வார நாளில் கொழுந்து எடை எழுதுவேன். சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில் மலையிறங்கி ஈப்போவில் நிதியும் நிர்வாகமும் படிப்பேன். விடியற்காலைக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரை ஈப்போ வெயிலிலும் கழற்ற மாட்டேன். உள்ளே இருந்த சட்டைக்கு இஸ்திரி கிடையாது. வேர்த்துக் கொட்டியபடி மூலதனச் செலவைப் பற்றிக் குறிப்பெடுப்பேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர், எம்.பி. ஆவதற்குக்கூடப் பரீட்சை வைக்கிறார்களா என்று கேட்டார். நான் திருத்தவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

படிப்பு தலைக்கேறியதற்கு அம்மாதான் சாட்சி. அதே தோட்டத்தில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தவர். அவர் அரைக் கிலோ நெத்திலி வாங்கி வந்தால்கூட, அந்தப் பணத்தில் வேறு என்ன செய்திருக்கலாம் என்று பாடம் நடத்துவேன். அம்மா கேட்டுக்கொண்டே நெத்திலியை வறுத்து எனக்கே முதலில் வைப்பார். நானும் வெட்கமில்லாமல் சாப்பிடுவேன்.

கடைசி ஆண்டில் ஆய்வுக் கட்டுரை. ஊக்கத்தொகையும் தொழிலாளர் மனநிறைவும் என்று தலைப்பு வைத்தேன். இருபது கேள்விகள். ஒவ்வொன்றின் கீழும் ஒன்று முதல் ஐந்து வரை எண்கள்: ஒன்று என்றால் அறவே இல்லை, ஐந்து என்றால் முழுமையாக உண்டு. வயதையும் வேலை செய்த ஆண்டுகளையும் மட்டும் எழுத வேண்டும். பெயர் வேண்டாம், யார் எழுதியது என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டேன்.

வீடு வீடாக அலையச் சோம்பல். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கம்போங் ராஜாவுக்குப் போனால் ஒரு பாய் கடையில்தான் சாப்பிடுவார்கள். ஆளுக்கொன்று எழுதி வாங்கச் சொல்லி அறுபது தாள்களை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தச் சோம்பலுக்குக் கட்டுரையில் நான் வைத்த பெயர், தரவுச் சேகரிப்பு மையம். அடுத்த ஞாயிறே அறுபதும் தயார். நாடே திரும்பிப் பார்க்கப்போகும் ஆய்வு என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு வழிகாட்டிய பேராசிரியை, மலாய் வழக்கப்படி மேடத்துக்குப் பதில் புவான் என்றுதான் கூப்பிடுவோம், பத்துத் தாள்களை மேசையில் பரப்பினார். உங்கள் தோட்டத்தில் வயது எழுதும்போது எல்லாருமே ஏழு என்ற எண்ணுக்கு இடுப்பில் ஒரு கோடு போடுவார்களா என்று கேட்டார். பிறகு ஒரு தாளை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். மீன்கறி.

மலையேறி நேராகப் பாய் கடைக்குப் போனேன். அவர் ஒளிக்கவே இல்லை.

"ரொட்டி திங்க வர்றவங்க பேனாவத் தொட மாட்டேங்கறாங்க தம்பி. உங்களப் பாத்தா பாவமா இருந்துச்சு. ரெண்டு மத்தியானம் உக்காந்து நானே போட்டேன். எல்லாருக்கும் நல்லதாத்தான் போட்டிருக்கேன் லா."

அவரிடம் எப்படிக் கோபப்படுவது? அன்றும் தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை.

புவான் மூன்று வாரம் கொடுத்தார். தவறினால் பட்டம் இல்லை. வேறு வழியின்றி லயம் லயமாகக் கதவு தட்டினேன். மனநிறைவு என்றால் என்ன என்று முதல் வீட்டிலேயே கேட்டார்கள். என் மொழிபெயர்ப்பு அப்படி. அடுத்து, இதைத் தோட்டத்துத் துரையிடம் காட்டுவாயா என்று கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்லியும் மூன்றில் வட்டம் போட்டார்கள். இன்னும் பயந்தவர்கள் நான்கில் போட்டார்கள். இப்படி ஐம்பத்தொன்பது சேர்ந்து, ஒன்று குறைந்தது.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு ஏன் குடுக்கல? நானும் கொழுந்து வெட்டறவதான?"

எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, கேள்வி கேள்வியாக விரல் வைத்துப் படித்தார். பென்சிலால் வட்டம் போட்டார். வாங்கிப் பார்த்தேன். கூட வேலை செய்கிறவர்களோடு ஒத்துப்போகிறேன் என்பதற்கு ஐந்து. மற்ற பத்தொன்பதுக்கும் ஒன்று.

இந்த மலைதான் நமக்குச் சோறு போடுகிறது என்று வாய்க்கு வாய் சொல்கிற அம்மா. ஒன்று என்றால் அறவே இல்லை என்று அர்த்தம், மாற்றிப் போட்டுவிட்டீர்கள் என்றேன்.

"படிக்கத் தெரியும்டா எனக்கு," என்றார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டே, "யாரு எழுதனதுன்னு கேக்க மாட்டோம்னு நீயே மேல போட்டிருக்க. கேக்காத."

நான் கேட்கவில்லை.

புவான் கணக்கைப் பார்த்துவிட்டு, ஒருவர் மட்டும் கூட்டத்தைவிட்டுத் தள்ளி நிற்கிறார், காரணம் எழுதினால் நீக்கிவிடலாம் என்றார். யாரென்று தெரியுமா என்று கேட்டதற்குத் தெரியாது என்றேன். பதிலளித்தவர் கேள்விகளைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று அடிக்குறிப்பு எழுதி நீக்கினேன். கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. பட்டமளிப்புக்கு அம்மா புதுச்சேலையில் வந்து, பட்டச் சுருளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். ஆய்வில் என்ன கண்டுபிடித்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. எங்கள் லயத்தை இடித்துவிட்டார்கள். அவர் நின்ற சரிவில் இப்போது இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து மிஷினால் வெட்டிக்கொண்டு போகிறார்கள். அறுபது பேரில் தோட்டத்தில் மிச்சம் இருப்பவர்கள் நாலைந்து பேர் இருக்கலாம். லயத்து ஆட்கள் வட்டமிட்ட தாள்கள் ஐம்பத்தொன்பதும் கட்டுக் குலையாமல் என் அலமாரியில் இருக்கின்றன. தனியே எடுத்துவைத்த அந்த ஒன்றைத்தான் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.