ஐஸ் கம்பெனித் தரையும் மைனஸ் தங்கையனும்

இராஜாக்கமங்கலம் பக்கத்தில் கொத்தனார் தங்கையனை மைனஸ் தங்கையன் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பட்டத்தை ஊர் சும்மா கொடுக்கவில்லை. அவர் வாயால் சம்பாதித்தது. லடாக்கில் ரோட்டு வேலைக்குப் போய் இரண்டு பனிக்காலம் இருந்துவிட்டு வந்தவர். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், "மைனஸ் இருபதுல காங்கிரீட்டு போட்டவனாக்கும் நான்" என்று ஆரம்பித்துவிடுவார். கேட்பவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பான். இந்த வேக்காட்டில் பனியைப் பற்றிப் பேசுகிறோமே என்ற கூச்சம் அவருக்கும் உண்டுதான். வாய் கேட்க வேண்டுமே.

அங்கே காங்கிரீட்டில் நார் கலப்பார்கள். வெடிப்புக்குள் புகுந்த தண்ணீர் உறைந்தால் பருத்து, தரையையே பிளந்துவிடும். நார் இருந்தால் வெடிப்பு விரியாமல் பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் சத்தியம். அந்த மகா காரியத்தில் தன்னுடைய பங்கை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. நார் பாக்கெட்டைக் கிழித்து, இஞ்சினியர் கைகாட்டும்போது மிக்சரில் தட்டுவார். இரண்டு வருடமும் அதே வேலைதான்.

பெருமை பேசினால் வேலை வரும் என்று நினைத்தார். வாய் பெருத்தவன் என்று எட்டு மாதமாக ஒருவரும் கூப்பிடவில்லை. அப்போதுதான் ஐஸ் கம்பெனி நடத்தும் ஜாஸ்மி ஆள் விட்டாள். பாளங்களை அடுக்கும் குளிர் அறையை மீன்பிடித் தடைக்காலத்தில் நிறுத்துவதும் பிறகு ஓட்டுவதுமாக, தரை வருடா வருடம் வெடித்துக்கொண்டிருந்தது.

"மாமா, இந்தத் தரைய மட்டும் வெடிக்காம போட்டுத் தாங்க. அடுத்து கட்டப்போற பெரிய ஹாலும் உங்களுக்குத்தான்."

தங்கையன் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஹால் கிடைத்தால் மீண்டும் கொத்தனார். கிடைக்காவிட்டால் சாகும்வரை மைனஸ்.

பாக்கெட் நார் நாகர்கோவிலில் கிடைக்கும். ஆனால் மனுஷனுக்குத் திமிர். தென்னை நிற்கும் நாட்டில் நாரைக் காசு கொடுத்து வாங்குவதா? தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுக்கும் தும்பு ஆலைக்குப் போனார். பச்சைக் கதம்பை மட்டையை அடித்து அன்றைக்கே எடுத்த தும்பை இரண்டு சாக்கில் வாங்கி வந்து, துண்டு துண்டாக வெட்டிக் கலவையில் கொட்டித் தரையைப் போட்டுவிட்டார்.

மறுநாள் கட்டைவிரலால் அழுத்தினார். நகம் வரை உள்ளே போனது. இரண்டாம் நாளும் போனது. மூன்றாம் நாள் தரையில் பூனை நடந்த தடம் இருந்தது. அது மீன் தேடி வந்ததா, அவருடைய வேலையைச் சோதிக்க வந்ததா தெரியவில்லை. லடாக் பனியில் இறுகிய காங்கிரீட், இராஜாக்கமங்கலம் வெயிலில் களியாகக் கிடந்தது. வீட்டுக்குப் போனவர் சோற்றைத் தொடவில்லை.

மனைவி நேசபாய் கல்யாணத்துக்கு முன்பு பத்து வருடம் கயிறு திரித்தவள். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"பச்சைத் தும்பு கறை விடுமே. கையில பட்டாலே ரெண்டு நாளு போவாது. கழுவாமலா போட்டிய?"

"கறைக்கும் சிமிண்டுக்கும் என்னட்டி சம்பந்தம்?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. கழுவினதையும் கழுவாததையும் ரெண்டு தேங்காச் சிரட்டையில போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தார். வெந்நீரில் இரண்டு முறை அலசிக் காயவைத்த தும்பு கலந்தது மறுநாளே கல்லாகி நின்றது. மற்றது அல்வா. கறைதான் சிமெண்டை இறுக விடவில்லை. தங்கையனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பத்து வருடம் தும்பில் கிடந்தவளை வீட்டில் வைத்துக்கொண்டு, லடாக் லடாக் என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறோம்.

மறுநாள் ஜாஸ்மியிடம் போனார். பழியைச் சிமெண்டு மேல் போடலாமா என்று வழியெல்லாம் யோசித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"மக்கா, நான் அங்க பாக்கெட்டு கிழிச்சவன். அவ்வளவுதான். இந்தத் தரைய நானே கொத்தி எடுத்து, தும்பைக் கழுவி வேற போட்டுத் தாறேன்."

ஜாஸ்மி தரையை விரலால் அழுத்திப் பார்த்தாள். "கழுவணும்னு யாரு சொன்னா?"

"வீட்டுக்காரி."

"மாமியையும் கூட்டிட்டு வாங்க."

நேசபாய் முக்காலி போட்டு உட்கார்ந்து தும்பை அலசவைத்தாள். காயவைத்து, இரண்டு விரல் நீளத்துக்கு வெட்டவைத்து, உதறி உதறிக் கலவையில் தூவச் சொன்னாள். புதுத் தரை இறுகியது. அடுத்த தடைக்காலத்தில் அறையை நிறுத்தி மறுபடி ஓட்டியும் கீறல் விழவில்லை. ஜாஸ்மி வீட்டுக்கே வந்தாள்.

"ஹால் வேலை மாமாவுக்குத்தான். ஆனா மாமி செரின்னு சொல்லாம ஒரு சட்டி காங்கிரீட்டும் விழப்பிடாது. மாமிக்குத் தனிச் சம்பளம்."

தங்கையன் மனைவியைப் பார்த்தார். நேசபாய் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"முப்பது வருசமா இந்த வீட்டுல சொல்லிட்டுத்தான் இருக்கேன், மோளே. கேக்கதுக்கு இப்பதான் ஒரு ஆளு வந்திருக்கு."

 மூன்று பேருக்கும் காப்பி போடத் தங்கையனே எழுந்து போனார்.