ஒன்பதாம் மாடிக்கு மேலே ஒரு பாட்டு

எங்கள் தெருப் பெண் ஒருத்தி பெரிய துணிக்கடையில் லிஃப்ட் இயக்குகிறாள். ஆளில்லாமல் மேலே போகும்போது, தானே கட்டிய பாட்டைப் பாடுவாள். ஒன்பதாம் மாடியில் கதவு திறந்ததும் வாயை மூடிக்கொள்வாள். மிச்சம் மனதுக்குள்ளேயே ஓடும்.

இந்தக் கோடையில் பூங்கா மேடையில் முதன்முறையாகப் பாடினாள். அண்ணன் கிட்டார் வாசித்தான். வழக்கமாகக் கதவு திறக்கும் இடம் வந்ததும், பழக்கதோஷத்தில் டக்கென்று நிறுத்திவிட்டாள். கூட்டம் சிரித்தது. அவள் இறங்கி ஓடப் படியைத் தேடினாள்.

“அடியே, இங்க கதவே கிடையாது. மேல போ!” என்றான் அண்ணன்.

கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தைப் பாடினாள். அந்தக் குரல் ஏறிய உயரத்துக்கு எந்தக் கடைக்கும் மாடி கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன், குளத்து வாத்துகள் நீந்துவதை மறந்து வாய் பிளந்தன. சிரித்தவர்களுக்குக் கைதட்டக்கூடத் தோன்றவில்லை; எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.