கோல்பெய்ன் கேட்ட பெயர்

எங்கள் ஊரான ஈசாபியோர்துரில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவதொரு எழுத்தாளர் தலையில்தான் விழும். அவர்களுக்குள் ஹால்பெராவுக்குத் தனி மரியாதை. முப்பத்தொரு வருடத்தில் நாற்பது அயல்நாட்டு நாவல்களை எங்கள் மொழிக்குக் கொண்டுவந்தவள். மூல ஆசிரியரின் பெயரைப் பெரிதாகப் போடு, என் பெயரைச் சிறிதாக்கு என்று ஒவ்வொரு அட்டைக்கும் அச்சகத்தாரோடு மல்லுக்கு நிற்பாள். என்ன அடக்கம் என்று ஊரே மெச்சியது. அடக்கமாவது மண்ணாவது! பயம்.

சொந்தப் படைப்பு என்று அவள் பெயரில் வந்தது ஒரே நாவல். அதுவும் அவள் எழுதியதல்ல. அண்ணன் கோல்பெய்ன் மீன்பிடிப் படகோடு மூழ்கிய குளிர்காலத்தில், அவன் பெட்டியிலிருந்த நோட்டுகளைத் தட்டச்சு செய்து பதிப்பாளரிடம் கொண்டுபோனாள்.

"நீ எழுதினதா?" என்று அவர் கேட்டார். தலையாட்டிவிட்டாள்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு அந்தப் புத்தகம்தான் பரிசு. "அடுத்தது எப்போ?" என்று கேட்டவர்களிடமிருந்து ஒளிந்துகொள்ளத்தான் மொழிபெயர்ப்புக்குள் புகுந்தாள். அண்ணன் கனவில் வந்து கேட்பான் என்று இத்தனை வருடமும் அரைத் தூக்கம்தான் தூங்கினாள். அவன் வரவேயில்லை.

வந்தது, அவன் முகம் பார்க்காமலே பிறந்த மகள் சோல்ரூனிடம். பிள்ளைத்தாய்ச்சியின் கனவில் செத்தவர் வந்தால், பிள்ளைக்குத் தன் பெயரைக் கேட்கிறார் என்று பொருள். மறுக்கக் கூடாது.

"அத்தை, அப்பா வந்தாரு," என்றாள் சோல்ரூன், காபியை ஊற்றியபடி. "சொட்டச் சொட்ட நனைஞ்சு வாசல்ல நின்னாரு. என் பேரை வைம்மான்னாரு."

"என்னைப் பத்தி ஏதாவது...?"

"ஒண்ணும் கேக்கலையே. என்கிட்ட வந்தாருன்னு உங்களுக்குப் பொறாமையா?" என்று சிரித்தாள். "ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையை நீங்கதான் ஏந்தணும், பேரையும் நீங்கதான் சொல்லணும். வழக்கப்படி அதுவரைக்கும் பேரை யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

திட்டுவதற்குக்கூட அண்ணன் தன்னிடம் வரவில்லையே என்பது ஹால்பெராவை அரித்துத் தின்றது.

ஞானஸ்நானத்தன்று சோல்ரூன் வீட்டுக் கூடம் நிறைய உறவினர்கள். "பிள்ளையின் பெயர் என்ன?" என்றார் பாதிரியார்.

"கோல்பெய்ன்."

பிள்ளையின் தலையில் ஊற்றிய நீர் அவள் மணிக்கட்டில் வழிந்தது. சில்லென்ற அந்தத் தண்ணீரோடு அண்ணனே பக்கத்தில் வந்து நிற்பதுபோல் அவளுக்கு இருந்தது. அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"சோல்ரூன், அந்த நாவலை எழுதினது உங்கப்பா. நான் திருடிட்டேன்."

சோல்ரூன் அழவில்லை.

"எங்கப்பா எப்படிப் பேசுவாரு, என்ன நினைப்பாருன்னு எத்தனை தடவை உங்ககிட்ட கேட்டிருப்பேன்? ஒரு வரிகூட விட்டுட்டுப் போகலைன்னு சொன்னீங்களே, அத்தை."

பிறகு கையை நீட்டினாள். "பிள்ளையைக் குடுங்க."

ஹால்பெரா கொடுத்துவிட்டாள். கைகளை மட்டும் மடக்கத் தெரியாமல் அப்படியே ஏந்தியபடி நின்றாள்.